கோழி மேய்த்தாலும் கூகிளில் மேய்க்க வேண்டுமா?

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் நாமெல்லாம் கேட்டு வளர்ந்த வாசகம். 'கவர்ன்மென்ட்' என்னும் ஆங்கிலச் சொல் நம் பாட்டன்மாரின் நாவில் 'கோறணமேந்து' ஆயிற்று. பிரித்தானியர் காலத்தில் ஒருவர் லிகிதராகவோ, தபாலதிபராகவோ, புகையிரத நிலைய அதிபராகவோ நியமனம் பெற்றுவிட்டால் அந்தக் குடும்பம் கரை சேர்ந்துவிட்டது என்று ஊர் கூறும். சம்பளம் பெரிதாக இராது. ஆனால் மாதம் தவறாமல் வரும். தலை நரைத்தபின் ஓய்வூதியம் வரும். உத்தியோகத்தர் கண்ணை மூடினால் அவரது மனைவிக்கும் ஒரு தொகை வரும். மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் பதவிகளிலும் கடமையாற்றிப் பென்சனோடு ஊர் திரும்பியவர்கள் கட்டிய கல்வீடுகள் எங்கள் கிராமங்களில் நெடுங்காலம் நின்றன. யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தை 'மணியோடர் பொருளாதாரம்' என்று சொல்லும் வழக்கமும் இருந்தது.

1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அந்தக் கதவைப் பாதி சாத்தியது. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் பல்கலைக்கழகத்தின் வாசலை ஒடுக்கியது. 1983க்குப் பின்னர் நடந்தவற்றை இப்பக்கத்தின் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உலகெங்கும் சிதறிய நம்மவர்கள் கிடைத்த வேலைகளைச் செய்தார்கள். உணவகங்களில் கோப்பை கழுவினார்கள், எரிபொருள் நிலையங்களில் இரவுக் கடமை பார்த்தார்கள். அவர்களின் பிள்ளைகள் படித்தார்கள். இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும், ஏன் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும்கூட, மகனோ மகளோ கூகிளில் வேலை, அமேசனில் வேலை, மைக்ரோசொஃப்டில் வேலை என்று ஒரு தாய் சொல்லும்போது குரலில் ஏறும் பெருமிதம், அந்நாளில் கோறணமேந்து உத்தியோகம் என்று சொன்ன பாட்டியின் பெருமிதமேயாகும். திருமணப் பேச்சிலும் பழைய லிகிதர் மாப்பிள்ளையின் கதிரையில் இன்று மென்பொருள் பொறியியலாளர் மாப்பிள்ளை அமர்ந்திருக்கிறார்.

இந்தப் பெருமிதத்தில் தவறில்லை. ஆனால் பழைய உத்தியோகத்தின் இடத்தில் புதிய உத்தியோகத்தை வைக்கும்போது, பழையதன் குணங்களெல்லாம் புதியதற்கும் உண்டென்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நிரந்தரம், பாதுகாப்பு, முதுமைக்கு ஒரு பிடிமானம் ஆகியவற்றை அதிலும் எதிர்பார்க்கிறோம். பெரிய தொழில்நுட்ப நிறுவனமொன்றில் மென்பொருள் பொறியியலாளராகப் பணிபுரிவது நல்ல தொழில். ஆனால் அது கோறணமேந்து உத்தியோகம் அன்று. இந்த வேறுபாட்டை உணராமல் நாம் பிள்ளைகளை வழிநடத்துகிறோம் என்பதே என் கவலை.

நான் கணினித்துறை சார்ந்தவன் அல்லன். கலைப்பட்டதாரி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதுபவன். ஆயினும் என் தம்பியின் மகன், யாழ்ப்பாண வழக்கில் சொல்வதானால் என் பெறாமகன், அமெரிக்காவின் மேற்குக் கரையில் அத்தகைய நிறுவனமொன்றில் ஒன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறான். அவனோடு உரையாடியும், பொதுவெளிக்கு வந்த செய்திகளையும் வழக்கு விவரங்களையும் படித்தும் அறிந்தவற்றைக் கொண்டே இதனை எழுதுகிறேன்.

முதலில் அந்த வேலை எத்தகையது என்று பார்ப்போம். நாள் முழுவதும் திரையின் முன்னமர்ந்து புதிது புதிதாக நிரல் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்றே வெளியிலுள்ளோர் நினைக்கின்றனர். "பெரியப்பா, நாங்கள் எழுதுறதை விட வாசிக்கிறதுதான் கூட" என்று பெறாமகன் ஒருமுறை சொன்னான். முன்னிருந்தவர்கள் எழுதிவைத்த இலட்சக்கணக்கான வரிகளைப் படித்து, எங்கே கை வைத்தால் எது உடையும் என்று விளங்கிக்கொண்ட பின்னரே ஒரு சிறு மாற்றத்தைச் செய்ய முடியும். பெரிய மாற்றமாயின் அதற்கு முன் ஓர் ஆவணம் எழுதி, ஏன் இந்த வழியைத் தெரிந்தோம், ஏன் மற்ற வழியைத் தவிர்த்தோம் என்று சகாக்களுக்கு விளக்க வேண்டும். எழுதிய நிரலை இன்னொருவர் வரி வரியாகப் பார்த்து ஒப்புதல் அளித்தாலன்றி அது சேர்த்துக்கொள்ளப்படாது. எத்தனை ஆண்டு அனுபவமுள்ளவராயினும் இந்த விதியிலிருந்து தப்ப முடியாது.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஆசிரிய பீடமே நினைவுக்கு வந்தது. நிருபர் எழுதுவதை உதவி ஆசிரியர் திருத்துவார். அவர் திருத்தியதைச் செய்தி ஆசிரியர் பார்ப்பார். பின்னர் ஒப்புநோக்குநர் பார்ப்பார். ஒரு கண் தவறவிட்டதை மறு கண் பிடிக்கும் என்பதே அடிப்படை. இன்று பல பத்திரிகைகளில் செலவைக் குறைப்பதாகக் கூறி இந்தப் படிகளை நீக்கிவிட்டார்கள். மென்பொருள் நிறுவனங்கள் அவற்றைப் பேணுகின்றன என்பது எனக்கு வியப்பாகவும், சற்றுப் பொறாமையாகவும்கூட இருந்தது.

இரவுக் கடமையும் உண்டு. குழுவிலுள்ள ஒவ்வொருவரும் முறை வைத்து ஒரு வாரம் விழிப்பாக இருக்க வேண்டும். சேவை எங்காவது பழுதுபட்டால் நள்ளிரவிலும் தொலைபேசி அலறும். சில நிமிடங்களுக்குள் கணினியின் முன் இருக்க வேண்டும். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி ஃபேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் உலகெங்கும் முடங்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வழக்கமான பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளையே அதற்குக் காரணம் என்று அந்நிறுவனம் பின்னர் விளக்கியது. இத்தகைய பழுதுகளுக்குப் பின், எவர் பிழை விட்டார் என்று தேடாமல், அந்தப் பிழைக்கு இடமளித்த ஏற்பாடு எதுவென்று ஆராய்ந்து எழுதிவைக்கும் நல்ல வழக்கம் இத்துறையில் வளர்ந்திருக்கிறது. நம் நாட்டின் அரச திணைக்களங்களும் வைத்தியசாலைகளும் பின்பற்றத்தக்க வழக்கம் அது.

இன்னொரு நன்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே சேர்வதற்கு அமைச்சரின் கடிதம் தேவையில்லை. ஊர், சாதி, சமயம் எதையும் விண்ணப்பப் படிவம் கேட்பதில்லை. நான்கைந்து நேர்முகத் தேர்வுகளில் கணக்குப் புதிர்களைப் போன்ற வினாக்களைத் தந்து, விண்ணப்பதாரர் எவ்வாறு சிந்திக்கிறார் என்று பார்க்கிறார்கள். அந்தத் தேர்வுக்கும் அன்றாட வேலைக்கும் தொடர்பு குறைவு என்ற குறை உண்டு. எனினும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மாணவனும் ஸ்டான்ஃபர்ட்டில் படித்த ஒருவனும் ஒரே வினாவுக்கு விடையெழுத முடிகிறது. கூகிளின் 'சம்மர் ஒஃப் கோட்' திட்டத்தில் பல ஆண்டுகள் உலகிலேயே அதிக எண்ணிக்கையில் தெரிவானவர்கள் மொறட்டுவை மாணவர்களே என்பது நாமறிந்த செய்தி. தரப்படுத்தலையும் சிபாரிசையும் கண்டு நொந்த ஒரு சமூகத்துக்கு இந்த வாசல் எவ்வளவு பெரிது என்பதை நான் உணர்கிறேன்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம்.

சம்பளம் பெரிதென்று எல்லோரும் அறிவர். அது எவ்வாறு வருகிறது என்பதைப் பலர் அறியார். அடிப்படைச் சம்பளம் ஒரு பகுதி. ஆண்டு இறுதி ஊக்கத்தொகை இன்னொரு பகுதி. பெரும் பகுதி நிறுவனத்தின் பங்குகளாக வருகிறது. அவையும் உடனே கைக்கு வருவதில்லை. பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகவே கிடைக்கும். இடையில் வெளியேறினால் எஞ்சியவை போய்விடும். பங்கின் விலை ஏறினால் மகிழ்ச்சி. இறங்கினால் சம்பளமே இறங்கியதற்குச் சமம். 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மெற்றா நிறுவனத்தின் பங்கு விலை ஏறத்தாழ 64 சதவீதம் சரிந்தது. 'இத்தனை இலட்சம் டொலர்' என்று கேள்விப்பட்டு அதை நம்பி வீட்டுக் கடன் எடுத்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அதே 2022இன் இறுதியில்தான் ஆட்குறைப்புகள் தொடங்கின. எலன் மஸ்க் ட்விற்றரை வாங்கிய சில நாட்களில், நவம்பர் மாதத்தில், அங்கிருந்த ஏறத்தாழ 7,500 பேரில் பாதிப்பேர் நீக்கப்பட்டனர். அதே மாதம் மெற்றா 11,000 பேரை நீக்கியது. 2023 ஜனவரியில் அமேசன் 18,000, மைக்ரோசொஃப்ட் 10,000, கூகிளின் தாய் நிறுவனம் 12,000 என்று அறிவித்தன. மார்ச் மாதத்தில் மெற்றா மேலும் 10,000, அமேசன் மேலும் 9,000 என்றன. இந்நிறுவனங்களில் பெரும்பாலானவை நட்டத்தில் மூழ்கியிருக்கவில்லை. தொற்றுக் காலத்தில் அளவுக்கு மீறி ஆட்களைச் சேர்த்துவிட்டோம் என்றே அவற்றின் தலைவர்கள் கூறினர். கூகிளின் தலைவர், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, இம்முடிவுகளுக்கான முழுப் பொறுப்பையும் தாமே ஏற்பதாக எழுதினார். பொறுப்பை ஏற்றவர் பதவியில் தொடர்ந்தார். பொறுப்பில்லாத 12,000 பேர் வெளியே சென்றனர்.

நீக்கப்பட்ட முறையும் கவனத்துக்குரியது. விடிகாலையில் வந்த ஒரு மின்னஞ்சல். அல்லது கணினிக்குள் நுழைய முடியாமற்போன கடவுச்சொல். பதினைந்து, இருபது ஆண்டுகள் பணியாற்றியவர்களும் அவ்வாறே அறிந்துகொண்டார்கள். நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும்: கூகிள் அமெரிக்க ஊழியர்களுக்குக் குறைந்தது 60 நாள் அறிவித்தல் காலச் சம்பளத்தையும், அதன்மேல் 16 வாரச் சம்பளத்தையும், சேவைக்காலத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் மேலும் இரண்டு வாரச் சம்பளத்தையும் வழங்குவதாக அறிவித்தது. இது குறைந்த தொகை அன்று. ஆனால் காசு வேறு, உரிமை வேறு. அமெரிக்கச் சட்டப்படி பெரும்பாலான தனியார் ஊழியர்களைக் காரணம் கூறாமலே நீக்கலாம். பெருமளவு ஆட்குறைப்பென்றால் 60 நாள் முன்னறிவித்தல் தர வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டுச் சட்டம்; அவ்வளவே.

நம் நாட்டைக் குறை கூறுவதே நமக்கு வழக்கமாகிவிட்டதால் இதையும் சொல்லி வைக்கிறேன். இலங்கையின் 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருக்கும் தொழில்தருநர் ஒருவர், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒரு தொழிலாளியை நீக்குவதாயின், அத்தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியையோ பெற வேண்டும். இச்சட்டம் முதலீட்டை விரட்டுகிறது என்று முதலாளிமார் அரை நூற்றாண்டாக முறையிடுகிறார்கள். அதைத் திருத்த வேண்டுமா என்பது வேறு விவாதம். ஆனால் கொழும்பில் ஒரு சிறிய கணக்காளர் அலுவலகத்தின் லிகிதருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, கலிபோர்னியாவில் மூன்று இலட்சம் டொலர் உழைக்கும் பொறியியலாளருக்கு இல்லை என்பதை நம் பெற்றோர் அறிந்திருப்பது நன்று.

விசாவில் இருப்போரின் நிலை இன்னும் கடினம். எச்-1பி விசாவில் பணிபுரிபவர் வேலையை இழந்தால், அதிகபட்சம் 60 நாட்களுக்குள் வேறொரு தொழில்தருநரைத் தேடிக்கொள்ள வேண்டும். அல்லது வேறு வகை விசாவுக்கு மாற வேண்டும். அல்லது நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். பிள்ளைகளின் பாடசாலை, வீட்டு வாடகை ஒப்பந்தம், வாகனக் கடன் எல்லாம் அந்த 60 நாட்களுக்குள் அடங்க வேண்டும். நிரந்தர வதிவிடத்துக்கான வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்தது. இந்தியாவில் பிறந்தோருக்கு அது பல ஆண்டுகள் நீளும், இலங்கையில் பிறந்தோருக்கு அவ்வளவு நீளாது. இதற்கிடையில் 2025 செப்டெம்பரில், புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 100,000 டொலர் கட்டணம் விதிக்கும் பிரகடனத்தை ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் வெளியிட்டார். ஒரு தேசத்தின் அரசியல் ஒரே நாளில் மாறினால் நம் பிள்ளையின் உத்தியோகமும் மாறும். தனிச் சிங்களச் சட்டத்தைக் கண்ட ஒரு சமூகத்துக்கு இது புதிய பாடமாக இருக்க வேண்டியதில்லை.

திறமை இருந்தால் இந்த நிறுவனம் இல்லாவிடில் அடுத்த நிறுவனம் என்று சிலர் வாதிடுவர். திறந்த சந்தை பொறியியலாளரைக் காக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்தச் சந்தை எவ்வளவு திறந்தது என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. அப்பிள், கூகிள், இன்ரெல், அடோபி முதலிய நிறுவனங்கள், ஒருவர் ஊழியரை மற்றவர் அழைத்து வேலை தருவதில்லை என்று தமக்குள் இரகசிய உடன்பாடு செய்திருந்ததை அமெரிக்க நீதித் திணைக்களம் 2010இல் வெளிப்படுத்தியது. ஸ்டீவ் ஜொப்ஸ் போன்றோரின் மின்னஞ்சல்களே சான்றாயின. ஏறத்தாழ 64,000 ஊழியர்கள் சார்பில் தொடரப்பட்ட வழக்கு 2015இல் 415 மில்லியன் டொலருக்கு இணக்கமாக முடிந்தது. வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 6,500 டொலருக்கும் குறைவு, வழக்குச் செலவு போக இன்னும் குறைவு. உலகின் மிகப் பெரிய சம்பளக்காரத் தொழிலாளரும் தொழிலாளரே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தொழிலாளர் என்ற அந்தச் சொல்லே இவர்களுக்குக் கசக்கிறது. இலவச உணவு, உடற்பயிற்சிக்கூடம், வண்ண வண்ணக் கதிரைகள் ஆகியவற்றின் நடுவே தாம் தொழிலாளர் என்ற எண்ணம் எழுவதில்லை. எழுந்தபோது சில நடந்தன. 2018இல் அமெரிக்க இராணுவத்துக்கான 'மேவன்' திட்டத்தை எதிர்த்துக் கூகிள் ஊழியர் பல்லாயிரவர் கையெழுத்திட்டனர். நிறுவனம் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி, பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுகளை நிறுவனம் கையாண்ட விதத்தைக் கண்டித்து ஏறத்தாழ 20,000 பேர் உலகெங்கும் வெளிநடப்புச் செய்தனர். ஆட்குறைப்புக் காலம் வந்தபின் காற்று மாறியது. 2024 ஏப்ரலில் இஸ்ரேலிய அரசுடனான ஒப்பந்தத்தை எதிர்த்து அலுவலகத்துக்குள் அமர்ந்தவர்களில் முதலில் 28 பேரும், பின்னர் மேலும் பலரும் நீக்கப்பட்டனர். 2025 பெப்ரவரியில், ஆயுதங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதில்லை என்ற தனது பழைய உறுதிமொழியையும் கூகிள் நீக்கிக்கொண்டது.

அதே அலுவலகங்களில் இன்னொரு வகையினரும் உண்டு. ஒப்பந்தத்தில் வேலை செய்வோர். கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறமே வேறு. 2019 மார்ச்சில் கூகிளில் நிரந்தர ஊழியர் 102,000 பேர் இருக்க, தற்காலிக, ஒப்பந்த ஊழியர் 121,000 பேர் இருந்தனர் என்று 'நியூயோர்க் ரைம்ஸ்' வெளியிட்டது. 'கூகிளில் வேலை' என்ற ஒரே சொற்றொடருக்குள் எத்தனை படிகள் என்பதைத் திருமணப் பேச்சில் எவரும் கேட்பதில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரை முழுமை பெறாது. கூகிளில் புதிதாகச் சேரும் நிரலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இயந்திரம் எழுதி, பொறியியலாளர் பார்த்து ஏற்றுக்கொள்வது என்று சுந்தர் பிச்சை 2024 ஒக்டோபரில் கூறினார். இதைக் கேட்டு அஞ்சும் இளைஞர்களுக்கு என் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் அச்சுக்கோப்பாளர்கள் அங்கே இருந்தார்கள். தலைகீழான எழுத்தை நாம் நேர் எழுத்தைப் படிப்பதைவிட வேகமாகப் படிப்பார்கள். கணினி வந்தது. அடுக்குவதை மட்டுமே அறிந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மொழி அறிந்தவர்கள் ஒப்புநோக்குநர் ஆனார்கள். பாமினி எழுத்துருவைப் பழகிக்கொண்டவர்கள் பக்க வடிவமைப்பாளர் ஆனார்கள். நிரலைத் தட்டச்சிடுவது அச்சுக்கோப்பது போன்றது. எதை ஆக்க வேண்டும், எது உடையும், யாருக்கு அது பயன்படும் என்று அறிவது மொழியறிவு போன்றது.

ஆயினும் ஓர் ஐயம் எனக்கு உண்டு. அந்த மொழியறிவு எங்கிருந்து வரும்? சின்னச் சின்ன வேலைகளைச் செய்து, பிழை விட்டு, மூத்தவர் திருத்தக் கேட்டே இளையவர் தேறுகின்றனர். அந்தச் சிறு வேலைகளையெல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால், பத்து ஆண்டுகளின் பின் மூத்தவர் எங்கே கிடைப்பார்? பயிற்சி நிருபர்களைச் சேர்ப்பதை நிறுத்திய பத்திரிகைகளின் கதி என்னவென்று நான் கண்டிருக்கிறேன். இதற்கான விடையை நிறுவனங்கள் தேடுவதாகத் தெரியவில்லை. அடுத்த காலாண்டு அறிக்கையே அவற்றின் தூரப்பார்வை.

வேலை யாருக்காக என்ற வினாவும் இருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. வெறுப்பைப் பரப்பும் சிங்களப் பதிவுகளைப் பற்றி இங்குள்ள சிவில் அமைப்புகள் ஃபேஸ்புக்கிடம் முன்னரே முறையிட்டிருந்தன. 2020 மே மாதத்தில் அந்நிறுவனம் தன் தளம் அவ்வாறு பயன்பட்டதற்கு மன்னிப்புக் கோரியது. 2021இல் வெளிவந்த உள்ளக ஆவணங்களிலிருந்து இன்னொன்று தெரியவந்தது. 2017 முதல், எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று கணிக்கும்போது, ஒரு 'விருப்பு'க்கு ஒரு புள்ளியும், கோபக் குறி உட்பட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஐந்து புள்ளியும் வழங்கப்பட்டிருந்தன. அந்த ஐந்து என்ற எண்ணை எங்கோ ஓர் அழகிய அலுவலகத்தில் அமர்ந்து ஒருவர் எழுதினார். இன்னொருவர் பார்த்து ஒப்புதல் அளித்தார். அவர்கள் திகனையைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். திகனையில் எரிந்ததற்கு அந்த எண்தான் காரணம் என்று நான் கூறவில்லை. அதற்குக் காரணமானவர்கள் இந்நாட்டிலேயே இருந்தார்கள். ஆனால் இலட்சக்கணக்கானோரின் கண்ணுக்கு எது தெரிய வேண்டும் என்று முடிவு செய்பவர், தான் வெறும் நிரல் எழுதுபவன் என்று சொல்லிக் கைகழுவ முடியாது. பத்திரிகை ஆசிரியருக்கு அந்த வசதி என்றும் இருந்ததில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெறாமகன் சொன்ன ஒரு சம்பவம் என்னை உறங்கவிடவில்லை. ரொறன்ரோவில் பெற்றோருடன் வாழும் தமிழ் இளைஞன் ஒருவன் ஆட்குறைப்பில் வேலையை இழந்தான். நான்கு மாதங்கள் அதை வீட்டில் சொல்லவில்லை. நாள்தோறும் காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு, பொது நூலகத்தில் இருந்துவிட்டு மாலையில் திரும்பினான். அவனுடைய சேமிப்பில் குறையில்லை, பசியில்லை. "அப்பா சனத்துக்கு என்னெண்டு சொல்லுவார்?" என்பதே அவனது கவலை. அவனை நூலகத்துக்கு அனுப்பியது நிறுவனம் மட்டுமன்று. கோயிலிலும் திருமண வீட்டிலும் மகனின் நிறுவனப் பெயரைத் தன் பட்டமாக அணிந்துகொண்ட நமது சமூகமும் அவனை அனுப்பியது. கோறணமேந்தில் வேலை போவதென்றால் ஏதோ களவு செய்திருக்க வேண்டும் என்று அந்நாளில் ஊர் எண்ணியது. அந்தப் பழைய எண்ணத்தை இன்றைய ஆட்குறைப்பின்மீது ஏற்றுகிறோம். வேலை போவது இத்துறையில் மழை பெய்வதைப் போன்றது. அதில் வெட்கமில்லை என்பதைப் பிள்ளைகளிடம் அவர்கள் வேலையில் இருக்கும்போதே சொல்லி வையுங்கள்.

இளைஞர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கைக்கு வராத பங்கை வருமானமாக எண்ணி வீடு வாங்காதீர்கள். ஆறு மாதச் செலவைத் தனியே வையுங்கள். விசாவில் இருப்போர் அதற்கும் மேலே வையுங்கள். நிறுவனத்துக்குள் மாத்திரம் செல்லுபடியாகும் அறிவோடு நின்றுவிடாதீர்கள். வெளியேறும் நாளில் அது வாசலோடு நின்றுவிடும். பக்கத்து மேசையில் இருப்பவரைப் போட்டியாளராக மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள அதே வரிதான் அவரது ஒப்பந்தத்திலும் உள்ளது. வேறு நிறத்தில் அட்டை அணிந்தவரின் பெயரையும் அறிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: பெரிய நிறுவனத்தின் பெயர் இல்லாமலும் இத்துறையில் பெரும் பணி ஆற்றலாம். 2005இல் கொழும்பில் தொடங்கிய 'டபிள்யூஎஸ்ஓ2' நிறுவனம் திறந்த மூல மென்பொருளை உலகெங்கும் கொண்டு சென்றது. எண்பதுகளில் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை ஆக்கத் தொடங்கியபோது அவருக்குப் பின்னால் எந்தப் பெருநிறுவனமும் இருக்கவில்லை. அவர் வடிவமைத்த 'இணைமதி' எழுத்துரு பின்னாளில் அப்பிள் கணினிகளுக்குள்ளேயே இடம்பெற்றது. பாமினியில் தட்டிய எங்கள் பழைய கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகளை, புலம்பெயர்ந்த நாடுகளில் வேலை முடிந்து வந்து இரவில் கண்விழித்து ஆக்கி, இலவசமாக வழங்கிய ஈழத்தமிழர்கள் உண்டு. அவர்கள் பகலில் எங்கே, என்ன சம்பளத்தில் பணிபுரிந்தார்கள் என்று நாம் எவரும் கேட்டதில்லை. இந்த வரிகளை நான் தமிழில் எழுதவும் உலகின் எம்மூலையிலிருந்தும் நீங்கள் படிக்கவும் முடிகிறதென்றால், அது அவர்களின் பொறியியல்.